கழன்று வந்த உறைகள்

நீர்வேலிச் சீவரத்தினம் தன் பல்லுறையை ஒரு நெருப்புப்பெட்டிக்குள் போட்டு எடுத்துக்கொண்டு வந்திருந்தார். உரும்பிராய்ச் சந்திக்குக் கிட்ட இருக்கும் வினோஜாவின் பல் மருத்துவ நிலையத்தை உதவியாளர் அருமைநாயகி திறப்பதற்கு முன்னமே அவர் வாசலில் நின்றார். உள்ளே வந்தவர் கதிரையில் சாயவில்லை. நின்றபடியே பெட்டியை வினோஜாவிடம் நீட்டினார்.

"கழண்டிட்டுது."

"எப்ப, ஐயா?"

"நேற்று மத்தியானம். கச்சான் சாப்பிடேல்லை. முறுக்குக் கடிக்கேல்லை. இதரை வாழைப்பழம். என்ரை தோட்டத்துப் பழம், நல்லாக் கனிஞ்சது."

வினோஜா பெட்டியைத் திறந்தாள். பஞ்சுக்குள் வெள்ளையாக உறை கிடந்தது. ஒட்டி மூன்று வாரம்கூட ஆகவில்லை.

அது சிர்க்கோனியா. பார்வைக்குப் பீங்கான், வலிமையில் உலோகத்துக்குக் கிட்ட நிற்கும். வேர்ச் சிகிச்சை செய்த பல்லைச் சுற்றிவர ஒரு மில்லிமீற்றரும் மேற்பக்கம் இன்னும் கொஞ்சமும் அரைத்து எடுத்துவிட்டு, அதன் மேல் தொப்பி போல அந்த உறையைக் கவிழ்த்து ஒட்டுவது. சீவரத்தினத்தின் கடைவாய்ப்பல் ஏற்கனவே தேய்ந்து கட்டையாகிப் போனது. உறை பிடித்து நிற்க உயரம் போதாது, பசைதான் தாங்க வேண்டும். அரைப்பதற்குக் கருவியைக் கையில் எடுத்த அன்றைக்கு அவர் அவளுடைய மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு, "அரைக்காமல் ஏலாதோ?" என்று கேட்டார். ஒருக்கா ஒட்டினால் நெடுங்காலம் நிற்கும் என்று சொல்லித்தான் அவள் அந்தக் கையை விடுவித்தாள்.

"டொக்டர் பிள்ளை, ஒண்டு கேக்கிறன், குறை நினைக்கக் கூடாது. உது உண்மையான சாமான்தானோ?"

"என்ன ஐயா உப்பிடிக் கேக்கிறியள்?"

"என்ரை பல்லை அரைச்சுப்போட்டியள். வாழையெண்டால் வெட்டினாப் பிறகும் பக்கத்தாலை குட்டி வரும். இது வராது."

அவள் உறையை வெளிச்சத்துக்குப் பிடித்து உட்புறத்தைப் பார்த்தாள். துளிப் பசை இல்லை. கழுவி வைத்த கோப்பை போலச் சுத்தமாக இருந்தது. அவரைக் கதிரையில் சாய்த்து வாயைத் திறக்கச் சொல்லிப் பார்த்தபோது, பசை முழுவதும் பல்லின் மேல் அப்படியே இருந்தது. பல் பசையை விடவில்லை. உறைதான் விட்டிருக்கிறது.

இது மூன்றாவது. ஓய்வுபெற்ற ஆசிரியை மீனாம்பிகைக்கு இரண்டு தரம் கழன்றுவிட்டது. கோப்பாயில் இருந்து வந்த ஒரு சாரதிக்கு ஒரு தரம். மூன்று பேருடைய உறையும் உட்புறம் சுத்தமாகவே வந்திருந்தது. மூன்றும் நெல்லியடியில் பல்லுறைத் தொழில் செய்யும் சிமியோன் அனுப்பியவை.

தற்காலிகப் பசையால் உறையை ஒட்டி, காரணத்தைக் கண்டுபிடித்துவிட்டு நிரந்தரமாக ஒட்டித் தருவதாகச் சொல்லி அவள் அவரை அனுப்பினாள். போகும்போது சீவரத்தினம் சுவரில் மாட்டியிருந்த அவளுடைய பட்டச் சான்றிதழுக்கு முன்னால் நின்று, கண்ணாடியைப் போட்டுக்கொண்டு முழுவதையும் வாசித்தார்.

அவர் போனதும் வினோஜா சிமியோனுக்குத் தொலைபேசி எடுத்தாள். ஏழு வருடப் பழக்கம். அவள் எடுக்கும் பல் அச்சுக்களை எழுநூற்றைம்பதாம் இலக்க பஸ்ஸில் அனுப்பினால் ஒரு கிழமைக்குள் உறை வந்துவிடும். இதுவரை ஒருநாளும் தவறியதில்லை.

"சிமியோன் அண்ணை, இன்னொண்டும் கழண்டிட்டுது. பசை பிடிக்கிறதுக்கு உள்ளுக்கு மணல் அடிக்கிறனீங்கள்தானே?"

"அடிக்காமல் ஒண்டும் அனுப்பிறேல்லை, டொக்டர்."

"சூளையிலை எத்தினை மணித்தியாலம் விடுறியள்?"

மறுபக்கத்தில் பேச்சு நின்றது. பின்னால் ஒரு இயந்திரம் இரைவது மட்டும் கேட்டது.

"விடவேண்டிய நேரம் விட்டுத்தான் எடுக்கிறது," என்றார் சிமியோன்.

அந்த இடைவெளி அவளுக்குப் பிடிக்கவில்லை. ஏழு வருடமாகச் செய்கிற வேலைக்கு நேரம் சொல்ல ஒருவர் ஏன் யோசிக்க வேண்டும்? மத்தியானம் வரைக்கும் அது மனத்துக்குள் கிடந்து அரித்தது. சாப்பாட்டு நேரத்தில் போனை எடுத்து, வடக்குப் பல் வைத்தியர்கள் பதினெட்டுப் பேர் இருக்கும் வட்ஸ்அப் குழுவில் எழுதினாள்: "நெல்லியடியில் இருந்து வரும் சிர்க்கோனியா உறைகள் கவனம். எனக்கு மூன்று கழன்றுவிட்டன. உள்ளே சரியாக மணல் அடிப்பதில்லை என்று சந்தேகம்." பெயர் போடவில்லை. நெல்லியடியில் அந்த வேலை செய்கிறவர் ஒருவர்தான் என்பது பதினெட்டுப் பேருக்கும் தெரியும்.

சாவகச்சேரியில் இருக்கும் பிரவீணன், அவளோடு ஒன்றாகப் படித்தவன், உடனே பதில் போட்டான்: "நல்லகாலம் சொன்னீர்."

புதன்கிழமை மத்தியானத்துக்குப் பிறகு நோயாளர் இல்லை. வினோஜா சொல்லாமல் கொள்ளாமல் நெல்லியடிக்குப் புறப்பட்டாள். வல்லை வெளியில் காற்று காரை ஒரு பக்கமாகத் தள்ளியது. என்ன கேட்க வேண்டும், அவர் என்ன சொன்னால் என்ன சொல்ல வேண்டும் என்று வழி முழுவதும் சொல்லிப் பார்த்துக்கொண்டே போனாள்.

சிமியோனின் வேலைத்தலம் அவருடைய வீட்டோடு சேர்ந்த ஒரு நீளமான அறை. அவர் ஐம்பது வயதைக் கடந்த மெலிந்த மனிதர், ஞாயிற்றுக்கிழமைகளில் மெதடிஸ்ற் கோயிலில் பாடல்குழுவில் நிற்பவர். அவளைக் கண்டதும் நெற்றியில் ஏற்றிவிட்டிருந்த உருப்பெருக்கிக் கண்ணாடியைக் கழற்றிக்கொண்டு எழும்பினார். வினோஜாவின் கண் நேரே சூளைக்குப் போனது. அது ஒரு சாக்கால் மூடப்பட்டிருந்தது. சாக்கின் மேல் தூசி. அவள் கையை வைத்துப் பார்த்தாள். குளிர்ந்துபோய் இருந்தது.

சிர்க்கோனியாவை முதலில் சோக்குக் கட்டி போல மென்மையாக இருக்கும்போதுதான் இயந்திரத்தில் வெட்டுவார்கள். பிறகு சூளையில் ஆயிரத்தைந்நூறு பாகை வெப்பத்தில் வெந்து சுருங்கித்தான் அது கல்லாகிறது. சூளை இல்லாமல் உறை இல்லை.

"இது எத்தினை நாளா வேலை செய்யேல்லை, அண்ணை?"

சிமியோன் மேசையில் இருந்த சிறு பெட்டிகளை ஒழுங்காக அடுக்கினார். ஒவ்வொன்றிலும் கொழும்பு முகவரி ஒட்டியிருந்தது.

"மாசியிலை இருந்து. மாத்திற பாகம் வெளிநாட்டிலை இருந்து வரவேணும். இஞ்சை வெட்டிப்போட்டு, சுடுறதுக்குக் கொழும்புக்கு அனுப்பிறன். என்ரை மச்சான்ரை மகன் ஒரு பல்லு லாப்பிலை நிக்கிறான். அவன் சுட்டு அனுப்புவான். மிச்ச வேலையெல்லாம் இஞ்சைதான்."

"ஏன் ஒருத்தருக்கும் சொல்லேல்லை?"

"சொன்னால் நேரே கொழும்புக்கே அனுப்பியிருப்பியள்."

அவளுக்கு அது போதுமாக இருந்தது. ஒன்றை மறைத்தவர் இன்னொன்றையும் மறைப்பார். மணல் அடிக்கிற விடயமும் இப்படித்தான் என்றாள். சிமியோன் விவாதிக்கவில்லை. ஒரு பழைய உறையை எடுத்து, கண்ணாடிப் பெட்டிக்குள் கையை விட்டு, நுண்ணிய அலுமினாத் தூளைக் காற்றோடு அதன் உட்புறத்தில் பாய்ச்சிக் காட்டினார். பளபளப்பு மாறி உள்ளே மங்கலானது. பிறகு அன்று அனுப்புவதற்காக வைத்திருந்த மூன்று உறைகளையும் அவள் முன்னால் கவிழ்த்து வைத்தார். மூன்றும் உள்ளே மங்கல்தான்.

"இண்டைக்கு நான் வருவன் எண்டு தெரிஞ்சிருக்கலாம்," என்றாள் வினோஜா. சொன்னதும் தன் காதுக்கே அது மோசமாகக் கேட்டது.

சிமியோன் அதைக் கேளாதவர் போல, "டொக்டர், வாயிலை போட்டுப் பாத்தாப் பிறகு உள்ளுக்கு என்னத்தாலை துப்பரவாக்கிறியள்?" என்று கேட்டார். "எச்சில் பட்டால் நான் அடிச்ச மணலுக்குப் பிரயோசனமில்லை."

"அது எங்களுக்குத் தெரியும், அண்ணை. அதுக்கெண்டு மருந்து இருக்கு. எங்கடை பக்கத்து வேலையை நீங்கள் படிப்பிக்கத் தேவையில்லை."

"படிப்பிக்கேல்லை. கேட்டனான்."

வாசல்வரை கூடவே வந்தார். காரின் கதவைத் திறக்கும்போது, "திங்கட்கிழமையிலை இருந்து ரெண்டு டொக்டர்மார் அச்சு அனுப்பிறேல்லை," என்றார். "ஆரோ குறூப்பிலை என்னவோ போட்டிருக்கினமாம்."

அவர் அவளுடைய முகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். வினோஜா திறப்பைப் போட்டுக் காரை எடுத்தாள்.

அடுத்த வேலையை அவள் கொழும்பில் வேறொரு லாப்புக்குக் கொடுத்தாள். தக்சாயினி என்ற வங்கி உத்தியோகத்தரின் மேல் முன்கடைவாய்ப் பல். உறை அழகாக வந்தது. விளிம்பு பல்லோடு மயிரிழை பிசகாமல் பொருந்தியது. ஒட்டி முடித்தபோது வினோஜா நிம்மதியாக மூச்சு விட்டாள். இனிச் சிமியோனைப் பற்றி யோசிக்கத் தேவையில்லை என்று நினைத்தாள்.

பதினொரு நாள் கழித்துத் தக்சாயினி தொலைபேசி எடுத்தாள். "டொக்டர், பல்லுத் தீட்டேக்கை அது பேசினுக்குள்ளை விழுந்திட்டுது."

கொண்டுவந்த உறையை வினோஜா வெளிச்சத்துக்குப் பிடித்தாள். உட்புறம் சுத்தமாக இருந்தது.

அன்று பின்னேரம் முழுவதும் அவளுக்குக் கைவேலை ஓடவில்லை. இரண்டு வேறு லாப், ஒரே மாதிரிக் கழன்றிருக்கிறது. அப்படியென்றால் பிழை தன் நான்கு சுவருக்குள்தான் இருக்கிறது. பசையின் காலாவதித் திகதியைப் பார்த்தாள், இன்னும் ஒரு வருடம் இருந்தது. பெட்டி உடைத்த திகதியைப் பார்த்தாள். குளிர்சாதனப் பெட்டிக்குள் வெப்பமானி வைத்துப் பார்த்தாள். எல்லாம் சரி. மிஞ்சியது அருமைநாயகி.

அருமைநாயகி ஒன்பது வருடமாக அங்கே வேலை செய்கிறார். கணவர் இல்லை, இரண்டு பெண்பிள்ளைகளும் கலியாணம் கட்டிப் போய்விட்டார்கள். ஒரு சொல் அதிகம் பேசாதவர். வினோஜா பல்லைக் காயவைத்துப் பஞ்சு வைத்துக்கொண்டிருக்கும்போது, அவளுக்குப் பின்னால் உள்ள மேசையில் உறையைத் துப்பரவாக்கி, காயவைத்து, பிடிப்புக்கான திரவம் பூசி, கையில் தருவது அவர்தான். ஒன்பது வருடத்தில் வினோஜா திரும்பிப் பார்த்ததில்லை. பார்க்க வேண்டிய தேவை இருந்ததில்லை.

இப்போது பார்க்கத் தொடங்கினாள். மருந்து அலுமாரியைத் தானே திறந்து தானே பூட்டினாள். கையுறை மாற்றுகிறாரா, குழாய்த் தண்ணீரில் கழுவுகிறாரா என்று கண்ணாடியில் பார்த்தாள். சின்ன மகளின் பிள்ளைப்பேறு பற்றி அருமைநாயகி போனில் கதைத்துக்கொண்டிருந்தால், இவர் ஏன் இவ்வளவு மெதுவாகக் கதைக்கிறார் என்று தோன்றியது. எதிர்ப்பக்கம் புதிதாகத் திறந்த பல் மருத்துவ நிலையத்துக்கு இவரை யாராவது கூப்பிட்டிருப்பார்களோ என்றுகூட ஒருநாள் யோசித்தாள். யோசித்துவிட்டு வெட்கப்பட்டாள். ஆனாலும் பார்ப்பதை விடவில்லை.

இடையில் சீவரத்தினம் இரண்டு தரம் தொலைபேசி எடுத்தார். "டொக்டர் பிள்ளை, ஆள் பிடிபட்டுதோ?" என்று பொலிசில் கேட்பவர் மாதிரிக் கேட்டார்.

வெள்ளிக்கிழமை ஒரு உறை ஒட்ட வேண்டியிருந்தது. வினோஜா உறையை நோயாளியின் வாயில் போட்டுப் பார்த்தாள். பொருத்தம் சரி. எடுத்து அருமைநாயகியின் கையில் கொடுத்தாள். வழக்கம்போல நோயாளியின் பக்கம் திரும்பாமல், கையுறை எடுப்பவள் போலப் பாதி திரும்பி நின்றாள்.

அருமைநாயகி உறையைத் தண்ணீரில் அலசினார். காற்று ஊதினார். பிறகு ஒரு ஊசிக்குழாயை எடுத்து அதன் உட்புறம் முழுவதும் நீல நிறத்தில் கட்டியாக ஏதோ நிரப்பிவிட்டு, சுவர் மணிக்கூட்டைப் பார்த்தபடி காத்து நின்றார்.

"அக்கா, உது என்ன?"

"நீல மருந்து, டொக்டர்."

வினோஜா உறையை அவர் கையில் இருந்து வாங்கினாள். அந்த நீல மருந்து பொஸ்போரிக் அமிலம். பல்லின் மேற்பரப்பைப் பதப்படுத்த அதுதான் தேவை. ஆனால் சிர்க்கோனியாவில் அது கண்ணுக்குத் தெரியாத ஒரு படிவை விட்டுவிடும். பசை பற்றிக்கொள்ள வேண்டிய இடங்களையெல்லாம் அது முந்திப் போய்ப் பிடித்துக்கொள்ளும். பிறகு எவ்வளவு நல்ல பசை போட்டாலும் சரிதான். உட்புறம் சுத்தமாகக் கழன்று வரும்.

நோயாளியிடம் மன்னிப்புக் கேட்டு, தற்காலிகப் பசையால் ஒட்டி அனுப்பினாள். கதவைச் சாத்திவிட்டுத் திரும்பினாள்.

"ஆர் உங்களுக்கு இதைப் போடச் சொன்னது?" குரல் உயர்ந்துவிட்டது.

அருமைநாயகி பதறவில்லை. லாச்சியைத் திறந்து ஒரு கொப்பியை எடுத்தார். அவள் அவ்வப்போது சொல்வதையெல்லாம் அவர் எழுதி வைக்கும் கொப்பி அது என்று வினோஜாவுக்குத் தெரியும். உள்ளே என்ன எழுதியிருக்கிறது என்று அவள் பார்த்ததேயில்லை. அருமைநாயகி ஒரு பக்கத்தைப் புரட்டி மேசையில் வைத்தார். பங்குனி மாதத் திகதி ஒன்று. அதற்குக் கீழே, வட்டவட்டமான எழுத்தில்: "உறை கழுவும் வெள்ளை மருந்து முடிந்தது. கொழும்பில் இல்லையாம். வரும்வரை கிரவுணுக்குள் நீல மருந்து போட்டுக் கழுவவும். டொக்டர் சொன்னது."

"நான் சொன்னனானோ?"

"நீங்கள் போனிலை நிண்டனீங்கள். உங்கடை அம்மாவுக்குச் சீனி வருத்தம் கூடி ஆஸ்பத்திரியிலை வைச்சிருந்த நேரம். வெள்ளை முடிஞ்சுது, என்ன செய்யிறது எண்டு கேட்டனான். நீலத்தாலை கழுவுங்கோ எண்டனீங்கள். பேந்தும் ரெண்டு தரம் வெள்ளை வரேல்லை எண்டு சொன்னனான். ஓம், பாப்பம் எண்டனீங்கள்."

அந்தக் கிழமை வினோஜாவுக்கு நினைவிருந்தது. அம்மாவின் கால் வீக்கம், இரத்த அறிக்கை, விடுதித் தாதியின் பெயர்கூட நினைவிருந்தது. நீல மருந்து என்று சொன்னது மட்டும் நினைவில் இல்லை. ஆனால் அது தன்னுடைய சொல்தான் என்பதில் அவளுக்குச் சந்தேகம் வரவில்லை. கண்ணாடி மாதிரியான பழைய பீங்கான் உறைகளுக்கு அப்படித்தான் செய்வார்கள். ஒன்றை நினைத்து இன்னொன்றுக்குச் சொல்லியிருக்கிறாள்.

பங்குனிக்குப் பிறகு ஒட்டிய சிர்க்கோனியாவை எண்ணினாள். ஆறு. அதில் பல் கட்டையாக இருந்த நாலும் கழன்றுவிட்டன.

"நீங்கள் என்னைப் பாத்துக்கொண்டு திரிஞ்சது எனக்குத் தெரியும்," என்றார் அருமைநாயகி. "அலுமாரித் திறப்பை எடுத்ததும் தெரியும். என்ன பிழையெண்டு ஒருக்காக் கேட்டிருந்தால் அண்டைக்கே கொப்பியைக் காட்டியிருப்பன்."

வினோஜா மன்னிக்கச் சொல்லிக் கேட்டாள். அருமைநாயகி, "சரி," என்றார். மன்னித்தாரா என்று அவருடைய முகத்தில் தெரியவில்லை. கருவிகளைக் கழுவப் போய்விட்டார்.

அன்றே வினோஜா குழுவில் எழுதினாள். மூன்று தரம் எழுதி அழித்து, கடைசியில் நேரடியாகவே எழுதினாள்: "நெல்லியடி உறைகள் பற்றி நான் போட்டது பிழை. தவறு என்னுடைய நிலையத்தில். சிர்க்கோனியாவின் உட்புறத்தில் அமிலம் போட்டிருக்கிறோம், அதுவும் நான் சொல்லித்தான். சிமியோன் அண்ணையின் வேலையில் குறை இல்லை." பதினெட்டுப் பேரும் பார்த்ததற்கான அடையாளம் வந்தது. ஆறு பேர் கைகூப்பும் படம் போட்டார்கள். பிரவீணன் ஒன்றும் போடவில்லை.

சனிக்கிழமை காலை நெல்லியடிக்குப் போனாள். வழியிலேயே சீவரத்தினத்தின் வீட்டில் நின்று, தற்காலிகமாக ஒட்டியதைக் கழற்றி வாங்கிக்கொண்டாள். மற்ற நோயாளரிடம் இருந்து முதலே வாங்கியதோடு சேர்த்து எல்லா உறைகளும் கையில் இருந்தன. உட்புறத்துக்குத் திரும்ப மணல் அடித்தால்தான் அவற்றைக் காப்பாற்றலாம். அதைச் செய்யக்கூடியவர் சிமியோன்தான்.

அவர் உறைகளை வாங்கிப் பார்த்தார். அவள் நடந்ததைச் சொன்னாள். குழுவில் போட்டதும் தானே என்று சொன்னாள்.

"தெரியும்," என்றார் சிமியோன். "அண்டைக்கு நீங்கள் வரேக்கையே தெரியும். உங்கடை பேரோடைதானே இருந்தது, ஒரு டொக்டர் எனக்கு அனுப்பினவர்."

"தெரிஞ்சுகொண்டே ஏன் கேக்கேல்லை?"

"நீங்களாச் சொல்லுவியள் எண்டு பாத்தனான். வாசல்வரை வந்தும் பாத்தனான்."

அவர் கண்ணாடிப் பெட்டிக்குள் கையை விட்டு முதலாவது உறையைப் பிடித்தார். தூள் பாயும் சீறல் அறையை நிறைத்தது. ஒவ்வொன்றாக எடுத்து வெளிச்சத்தில் பார்த்து, ஒரு துணியில் வைத்தார். சூளை பற்றி மறைத்தது தன் பிழை என்றும், அதை மற்ற டொக்டர்மாருக்கும் சொல்லப் போவதாகவும் இடையில் சொன்னார். வேலைக்கு எதுவும் வாங்க மறுத்துவிட்டார்.

"ஒரு டொக்டர் நேற்றுத் திரும்பப் போன் எடுத்தவர். பிரவீணன் டொக்டர் எடுக்கேல்லை. அவர் அனுப்பிறதுதான் என்ரை பாதி வேலை."

மத்தியானம் சீவரத்தினம் கதிரையில் சாய்ந்திருந்தார். வினோஜா முழுவதையும் அவருக்குச் சொன்னாள். அமிலம், தன் வாயால் வந்த தவறு, சிமியோனைச் சந்தேகித்தது எல்லாம். அவர் கண்ணைச் சுருக்கிக்கொண்டு கேட்டார்.

"டொக்டர் பிள்ளை, நீங்கள் ஆரையோ காப்பாத்திறதுக்கு உப்பிடிச் சொல்லிறியள்."

"இல்லை ஐயா. பிழை என்ரைதான்."

"ஒரு டொக்டர் தன்ரை பிழையெண்டு சொல்லி நான் கேள்விப்படேல்லை. எழுபத்திரண்டு வயசு எனக்கு."

கடைசியில் அவள் அவருடைய கையில் ஒரு முகம் பார்க்கும் கண்ணாடியைக் கொடுத்து, ஒவ்வொன்றையும் பார்க்கச் சொன்னாள். பல்லில் இருந்த பழைய பசையை மெல்லச் சுரண்டி எடுத்தாள். பல்லை இன்னும் அரைக்காமல், பக்கத்தில் மட்டும் கோடு போல ஒரு சிறு தவாளிப்பு வெட்டலாம், உறை சுழலாமல் பிடிக்க உதவும் என்று விளக்கினாள். "வேண்டாம்," என்றார் சீவரத்தினம் உடனே. அவள் வற்புறுத்தவில்லை. உறையைப் போட்டுப் பார்த்து எடுத்தாள். அன்று காலை கொழும்பு பஸ்ஸில் ஒருவழியாக வந்து சேர்ந்திருந்த வெள்ளை மருந்தை அருமைநாயகி போத்திலோடு அவருக்குக் காட்டிவிட்டு உட்புறம் பூசினார். "வெள்ளை, டொக்டர். இருபது செக்கன்," என்று உரத்துச் சொன்னார். பிறகு கழுவி, காயவைத்து, பிடிப்புத் திரவம் பூசி, "பூசினது, டொக்டர்," என்றார். அன்றிலிருந்து அவர் செய்கிற ஒவ்வொன்றையும் வாய்விட்டுச் சொல்லத் தொடங்கிவிட்டார். வினோஜாவும் கேட்டதைத் திருப்பிச் சொல்வாள்.

பல்லைச் சுற்றிப் பஞ்சு வைத்து, எச்சில் படாமல் காயவைத்து, பசை நிரப்பிய உறையைக் கவிழ்த்து விரலால் அழுத்தினாள். விளிம்பால் பிதுங்கிய பசையில் ஒரு கணம் நீல வெளிச்சம் காட்டி, அது இறுகத் தொடங்கும்போது சுரண்டி எடுத்து, நூல் விட்டு இடுக்கைத் துப்பரவாக்கினாள். பிறகு ஒவ்வொரு பக்கமாக முழுதாக வெளிச்சம் காட்டினாள்.

சீவரத்தினம் எழுந்து, நாக்கால் தடவிப் பார்த்தார்.

"ஒரு மாசத்துக்கு மற்றப் பக்கத்தாலைதான் சாப்பிடுவன்," என்றார்.

"விருப்பமான பக்கத்தாலை சாப்பிடுங்கோ, ஐயா."

பின்னேரம் அவள் சாவகச்சேரிக்குப் போனாள். பிரவீணன் தன் நிலையத்தில் ஒருவரை அனுப்பிவிட்டுக் கை கழுவிக்கொண்டிருந்தான்.

"குழுவிலை பாத்தனான்," என்றான். "நீர் அந்தாளைப் பாவம் பாத்து எழுதியிருக்கிறீர் எண்டு நினைச்சன்."

"பாவம் பாத்து எழுதேல்லை. நடந்ததை எழுதினனான்."

"சூளை இல்லாமல் இருந்தது உண்மைதானே?"

"உண்மை. மறைச்சது பிழை. ஆனால் உறையிலை பிழை இல்லை. உமக்கு ஏதாவது கழண்டிருக்கோ, ஏழு வருசத்திலை?"

பிரவீணன் யோசித்தான். "இல்லை. இருந்தாலும் ஒருக்கா மனசிலை வந்திட்டுது. இனி ஒவ்வொண்டையும் பாக்கேக்கை அதுதான் ஞாபகம் வரும்."

அதை அவனுக்குள் வைத்தது தான்தான் என்று வினோஜாவுக்குத் தெரியும். அவள் எழும்பிப் போகவில்லை. கொழும்புக்கு அனுப்ப மேசையில் வைத்திருக்கும் அச்சு எத்தனை என்று கேட்டாள். இரண்டு என்றான். அதில் ஒன்றைத் தரும்படி கேட்டாள். தானே கொண்டுபோய்க் கொடுப்பதாகவும், உறை வந்ததும் அவன் உள்ளே வெளியே எப்படி வேண்டுமானாலும் சோதித்துப் பார்க்கலாம் என்றும் சொன்னாள். அவன் சிரித்தான். பிறகு ஒரு பெட்டியை எடுத்து நீட்டினான்.

"ஒண்டு தாறன். பாப்பம்."

கொடிகாமம் வழியாகச் சுற்றி, வரணி கடந்து, அவள் மீண்டும் நெல்லியடிக்கு வந்தபோது சிமியோன் கோயிலுக்குப் போக வெளிக்கிட்டு நின்றார், மறுநாள் ஆராதனைக்குப் பாட்டுப் பழக. பிரவீணனின் பெயர் எழுதிய பெட்டியைக் கண்டதும் பாட்டுப் புத்தகத்தை மதிலில் வைத்துவிட்டு அதை வாங்கினார். அங்கேயே திறந்து, அச்சைக் கண்ணுக்குக் கிட்டப் பிடித்து, விளிம்பைச் சுற்றிவரப் பார்த்தார்.

"பல்லை நல்லா வெட்டியிருக்கிறார்," என்றார். "உயரமும் காணும். உங்கடையிலும் பாக்க வடிவு, டொக்டர்."

"ஓம்," என்றாள் வினோஜா. "அவர் எப்பவும் அப்பிடித்தான்."

சிமியோன் பெட்டியை மூடி உள்ளே கொண்டுபோய் வைத்துவிட்டு வந்தார். வியாழக்கிழமைக்குள் முடித்துவிடலாம் என்றார்.